கம்ப்யூட்டர் சென்டரில் நல்ல வேலைச் சூழல்: விருதா, வேலைமுறையா, பயிற்சியா, எதிலிருந்து தொடங்குவது?

பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் புதிதாகப் பொறுப்பேற்றவர்களிடமிருந்து ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. ஆட்கள் வேலை தெரிந்தவர்கள், மனதால் கெட்டவர்களும் இல்லை. ஆனாலும் துறையில் யாருக்கும் வேலைக்கு வரும் உற்சாகம் இல்லை. ஏதாவது நின்றுபோனால் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். நன்றாக வேலை செய்யும் இளைஞர்கள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேட்பவர்களின் நிலைமையும் ஏறக்குறைய ஒன்றுதான். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த இயக்குநர் பொறுப்பு ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பாகத்தான் வருகிறது. வகுப்பும் ஆராய்ச்சி மாணவர்களும் அப்படியே இருக்க, இதையும் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. நாலைந்து விஷயங்களை ஒரே நேரத்தில் தொட்டால் எதுவும் முழுதாக நடக்காது. ஆகவே முதல் வருடத்தில் எதை எடுப்பது என்பதே உண்மையான கேள்வி.

பொதுவாக முன்வைக்கப்படும் வழிகள் நான்கு: விழா, விருது, சுற்றுலா போன்றவை; அன்றாட வேலைமுறையைத் திருத்துவது; பயிற்சியும் பதவி வளர்ச்சியும்; வெளியிலிருந்து ஆலோசகரை அழைத்துக் கருத்துக் கணிப்பு எடுப்பது. நான்கிலும் நன்மை உண்டு. ஆனால் வரிசை மாறினால் பலன் மாறும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் துறைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நிரந்தரப் பணியில் ஒரு சிஸ்டம் அனலிஸ்ட், சில புரோகிராமர்கள். தொகுப்பூதியத்தில் டெக்னீஷியன்கள். ஏஜென்சி மூலம் வந்த நெட்வொர்க் இன்ஜினியரும் ஹெல்ப் டெஸ்க் ஆட்களும். ஏதோ ஒரு ப்ராஜெக்ட் நிதியில் இரண்டு இளைஞர்கள். ஒரே அறை, ஏறக்குறைய ஒரே வேலை. ஆனால் சம்பளம், விடுப்பு, மருத்துவக் காப்பீடு எல்லாம் வேறு வேறு. இந்தக் கலவைதான் கம்ப்யூட்டர் சென்டரை ஒரு ஐடி கம்பெனியிலிருந்து பிரிக்கிறது. கம்பெனிகளுக்காக எழுதப்பட்ட யோசனைகள் இங்கே பாதியில் நின்றுவிடுவதற்கும் இதுவே காரணம்.

அதனால் என் முதல் அளவுகோல்: துறையிலேயே குறைந்த சம்பளத்தில் இருப்பவரின் சாதாரண செவ்வாய்க்கிழமையை இந்த வழி மாற்றுமா? நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும் போய்ச் சேரும் எதுவும், இருக்கும் பிளவை இன்னும் ஆழமாக்கும்.

இரண்டாவது, இயக்குநர் மாறினாலும் நிற்குமா? பொறுப்பு சில வருடங்களில் கைமாறும். உங்கள் தனிப்பட்ட குணத்தை மட்டும் நம்பி இருக்கும் நல்ல சூழல் உங்களோடு போய்விடும்.

மூன்றாவது, உங்கள் கையெழுத்திலேயே முடியுமா, அல்லது பதிவாளர், நிதிக்குழு, ஆட்சிக்குழு என்று கோப்பு ஏற வேண்டுமா? நான்காவது, கணக்கில் வராத செலவு யார் தலையில் விழுகிறது? ஐந்தாவது, பலன் தெரிய எவ்வளவு காலம்? கடைசி இரண்டையும் பலர் யோசிப்பதே இல்லை.

## நான்குக்கும் முன்னால் ஒன்று

சம்பளம் தாமதமாகிறதா என்று முதலில் விசாரியுங்கள். ஏஜென்சி ஆட்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, வருங்கால வைப்பு நிதி உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பது இயக்குநர்களில் பலருக்குத் தெரியாது. "அது ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது 1970-ம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கும் பொறுப்பு. பில் பாஸ் செய்வதற்கு முன்னால் முந்தைய மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியதற்கான சான்றும், வைப்பு நிதி சலானும் இணைத்தால்தான் கையெழுத்து என்று ஒரு விதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

1950-களில் உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டார். சம்பளம், மேற்பார்வை, நிர்வாக விதிகள் சரியில்லையென்றால் மனக்கசப்பு வளரும். அவை சரியாக இருந்தால் கசப்பு போகும், அவ்வளவுதான். உற்சாகம் என்பது வேலையின் தன்மை, சாதித்த நிறைவு, கிடைக்கும் மதிப்பு ஆகியவற்றிலிருந்து தனியாக வருகிறது என்பது அவர் கண்டது. இந்தப் பிரிவினை எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று பின்னாளில் நிறைய விவாதம் நடந்தது. ஆனால் இரண்டு மாதச் சம்பளம் நிலுவையில் இருக்கும் ஹெல்ப் டெஸ்க் பையனிடம் குழு உணர்வு பற்றிப் பேசக் கூடாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை.

## வழி 1: விழா, விருது, சுற்றுலா

நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒரு விழா ஆயுத பூஜை. சர்வர் அறையைத் துடைத்து, ரேக்கின் கதவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் சுண்டலும் பகிர்ந்துகொள்ளும் அந்த ஒரு மதியத்தில் யார் நிரந்தரம், யார் ஏஜென்சி என்ற கணக்கு கொஞ்சம் மறந்துபோகும். அது தானாக நடப்பதால்தான் நன்றாக இருக்கிறது. பிற மதத்தவரும் இருக்கும் துறையில் பூஜையில் கலந்துகொள்வது அவரவர் விருப்பம் என்பதும், பலகாரம் எல்லோருக்கும் என்பதும் தெளிவாக இருந்தால் போதும்.

இதன் பலம், செலவு குறைவு, யார் அனுமதியும் வேண்டாம், மறுநாளே முகங்களில் தெரியும். பலவீனம், மறுவாரமே மறைந்துவிடும்.

கணக்கில் வராத செலவுகள் இங்கே அதிகம். சுற்றுலாவுக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் வசூல் என்றால், சிஸ்டம் அனலிஸ்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை; தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு வீட்டு மளிகைக் கணக்கில் துண்டு விழும். வரவில்லை என்று சொன்னால் "சேர்ந்து வரமாட்டேன் என்கிறார்" என்ற பேர். சனி, ஞாயிறுகளில் வைத்தால் கைக்குழந்தை உள்ள பெண் ஊழியர்கள் விலகி நிற்க வேண்டியிருக்கும். நடத்துவதானால் வேலை நாளில், வேலை நேரத்தில், வசூல் இல்லாமல் நடத்துங்கள்.

விருதில் இன்னும் கவனம் தேவை. பதினைந்து பேர் இருக்கும் துறையில் ஒருவருக்குச் சிறந்த ஊழியர் விருது கொடுத்தால், மற்ற பதினான்கு பேரும் அன்று மாலை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குடியரசு தினத்தன்று தரப்படும் பாராட்டுச் சான்றிதழுக்கு ஏஜென்சி ஆட்களின் பெயர் பரிசீலனைக்கே போகாத இடங்கள் உண்டு. அப்படியென்றால் அந்த விருது சொல்லும் செய்தி என்ன? உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-ல் வெளியிட்ட சோதனையில், புதிர் விடுவிக்கப் பணம் கொடுக்கப்பட்ட மாணவர்கள், பணம் நின்றபின் அதே புதிரில் முன்பைவிடக் குறைவான நேரமே செலவிட்டார்கள். விரும்பிச் செய்யும் வேலைக்குப் பரிசு கட்டினால் விருப்பம் குறையும் ஆபத்து இருக்கிறது.

விருதைவிட நல்லது, நடந்த வேலையைப் பெயர் சொல்லி மேலிடத்துக்கு எழுதுவது. "நூலகக் கட்டடத்தில் வைஃபை சரியானதற்கு, மொட்டை மாடியில் வெயிலில் நின்று கேபிளை மாற்றியவர் இவர்" என்று பதிவாளருக்கு ஒரு மின்னஞ்சல், நகல் அவருக்கும் அவருடைய ஏஜென்சிக்கும். காசு செலவில்லை. அடுத்த வேலைக்குப் போகும்போது அந்தக் கடிதம் அவர் கையில் இருக்கும்.

இந்த வழி முதலில் வர வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஒரு பெரிய வேலை, உதாரணமாக முழு மாணவர் தரவையும் புது மென்பொருளுக்கு மாற்றிய வேலை, ஆட்களை மாதக்கணக்கில் கசக்கி முடிந்திருந்தால், அப்போது புதுச் சீர்திருத்தம் எதையும் அறிவிக்காதீர்கள். விடுப்பு கொடுங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், நன்றி சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

## வழி 2: அன்றாட வேலைமுறையைத் திருத்துவது

இந்தத் துறையின் குணம் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தெரிந்துவிடும். ஆறு மணிக்கு முடிவு என்று அறிவித்திருப்பார்கள். ஐந்தரைக்கே மாணவர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கத் தொடங்குவார்கள். தரவுத்தள இணைப்புகள் நிரம்பி, பக்கம் வெள்ளையாக நிற்கும். பதிவாளர் அலுவலகத்திலிருந்து போன், தேர்வாணையரிடமிருந்து போன், இணைவுக் கல்லூரி முதல்வர்களிடமிருந்து போன். கீபோர்டில் ஒருவர் இருப்பார், அவர் நாற்காலிக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். அந்த நிமிடத்தில் இயக்குநர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை "யார் பண்ணினது?" என்றால் கீபோர்டில் இருப்பவரின் கை தயங்கும், செய்ததை முழுதாகச் சொல்லமாட்டார். "இப்போ நமக்கு என்ன தெரியும்?" என்றால் நாலு பேரும் வாயைத் திறப்பார்கள். எத்தனை சுற்றுலா போயிருந்தாலும் இந்த ஒரு மணி நேரம்தான் ஆட்களின் நினைவில் நிற்கும்.

வேலைமுறை என்று நான் சொல்வது மூன்று விஷயங்கள். புகார்ப் பதிவு, முறைப் பட்டியல், பழி சொல்லாத ஆய்வு.

புகார்ப் பதிவு. வேலை வாய்மொழியாகவும் போனிலும் வருகிற இடத்தில், அதிகம் செய்பவரின் வேலை கண்ணுக்குத் தெரியாது; சத்தமாகப் பேசுபவரின் வேலைதான் தெரியும். ஓஎஸ்டிக்கெட், ஜிஎல்பிஐ போன்ற திறமூல மென்பொருள்களை இருக்கும் சர்வரிலேயே நிறுவலாம், உரிமக் கட்டணம் இல்லை. பிரிண்டர் வேலை செய்யவில்லை என்பதிலிருந்து சர்வர் நின்றது வரை எல்லாம் ஒரு எண்ணோடு பதிவாகும். ஒரு டெக்னீஷியன் ஒரு நாளில் எத்தனை கட்டடம் ஏறி இறங்கினார் என்பது முதல் முறையாக எல்லோருக்கும் தெரியவரும்.

இங்கே ஒளிந்திருக்கும் ஆபத்து இரண்டு. ஒன்று, அந்த எண்ணிக்கையை ஆட்களை அளக்கும் கோலாக மாற்றுவது. அதைச் செய்த மறுமாதமே எளிதான புகார்களை எடுக்க ஓட்டமும், கடினமானதைத் தள்ளிவிடும் பழக்கமும் வந்துவிடும். எண்ணிக்கை ஆள் போதவில்லை என்று நிதிக்குழுவில் காட்டுவதற்கு, ஆளை எடை போடுவதற்கு இல்லை என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். மற்றொன்று, துணைவேந்தர் அலுவலகமும் மூத்த பேராசிரியர்களும் பதிவு செய்யமாட்டார்கள், நேராக உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் அந்த போனை வைத்துவிட்டு டெக்னீஷியனை ஓடச் சொன்னால் முறை அன்றோடு முடிந்தது. அவர்கள் சார்பில் நீங்களே பதிவு செய்து, வரிசையில் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவிப்பது சங்கடமான வேலைதான். ஆனால் அது உங்கள் வேலை. கீழே இருப்பவர் மேல் விழ வேண்டியதில்லை.

கோபத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதற்கு நல்ல உதாரணம், கூகுள் கல்விக் கணக்குகளின் சேமிப்பிடம் குறைந்தது. வரம்பில்லாமல் இருந்ததை நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று மாற்றப்போவதாக 2021 பிப்ரவரியில் கூகுள் அறிவித்தது. 2022 ஜூலை முதல் அது நடைமுறைக்கு வந்தது. பழைய கோப்புகளை நீக்கச் சொல்லி ஆசிரியர்களுக்கு அறிவிப்புப் போக வேண்டும். அந்த அறிவிப்பு ஹெல்ப் டெஸ்க் பெயரில் போனால் வசவும் ஹெல்ப் டெஸ்க்குக்குத்தான் வரும். இயக்குநரின் பெயரிலும் கையெழுத்திலும் போனால், ஹெல்ப் டெஸ்க்கில் இருப்பவர் "சார் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறார்" என்று அமைதியாகச் சொல்லலாம். இப்படிப்பட்ட சின்ன முடிவுகளால்தான் ஒரு துறையில் வேலை செய்வது நன்றாக இருக்கிறது அல்லது இல்லாமல் போகிறது.

முறைப் பட்டியல். இரவிலும் விடுமுறையிலும் போன் எடுப்பது யார்? பெரும்பாலும் நல்லவர் ஒருவர். எல்லாக் கடவுச்சொல்லும் தெரிந்த, கூப்பிட்டால் வருகிற ஒருவர். அவரைப் புகழ்ந்தே அவர் வாழ்க்கையைத் தின்றுவிடுகிறோம். வாரத்துக்கு ஒருவர், அவருக்குத் துணையாக ஒருவர் என்று மாதப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால் மற்றவர்கள் போனை அணைத்துவிட்டுத் தூங்கலாம். இரவு வேலை பார்த்தவருக்கு ஈடுசெய் விடுப்பு நிச்சயம் கிடைக்க வேண்டும். ஏஜென்சி ஆட்களுக்கு அது ஒப்பந்தத்தில் இருந்தால்தான் செல்லும். ஒப்பந்தம் 1998-ம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டுப் போடப்படுவதால் நடுவில் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அடுத்த டெண்டர் தயாராகும்போதே அந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதுவரை அவர்கள் பெயரை இரவுப் பட்டியலில் போடாதீர்கள்.

இதில் மனம் நோகக்கூடியவர் அந்த எல்லாம் தெரிந்தவர்தான். பட்டியல் வந்ததும் தன் மதிப்புப் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றலாம். அவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். சர்வர் விவரங்களை எழுதி வைக்கும் பொறுப்பை அவர் பெயரிலேயே கொடுங்கள், அதற்கென்று வாரத்தில் அரை நாளும் ஒதுக்குங்கள். அந்த அரை நாளை ஒதுக்காமல் "நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்" என்று சொன்னால் ஒரு பக்கமும் எழுதப்படாது.

பழி சொல்லாத ஆய்வு. ஏதாவது உடைந்து சரியானபின், ஒரு வாரத்துக்குள் சம்பந்தப்பட்டவர்கள் உட்கார்ந்து ஒரு தாள் எழுதுவது. உதாரணத்துக்கு: 5.40-க்கு இணைப்புகள் நிரம்பின; 5.52-க்கு வெப் சர்வர் மறுதொடக்கம், பலனில்லை, 6.15-க்குத் தேடல் பக்கம் நிறுத்தப்பட்டு, கல்லூரி வாரியாக முன்பே தயாரித்த கோப்புகள் ஏற்றப்பட்டன. கீழே இரண்டே கேள்விகள்: எது நமக்கு முன்பே தெரிந்திருக்கலாம்? அடுத்த முறை எதை மாற்றுகிறோம்? பதில், ஒவ்வொரு மாணவருக்கும் தரவுத்தளத்தைத் தட்டாமல் முடிவுப் பக்கங்களை முன்கூட்டியே உருவாக்கி வைப்பது என்று வரும். யார் பெயரும் தாளில் இருக்காது.

ஒரு இளைஞர் பயன்பாட்டில் இருக்கும் நேரடி சர்வரில் தவறான கட்டளை ஓட்டி ஆயிரக்கணக்கான தரவு வரிகளை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தால் அவர் பயந்துபோவார், கோப்பு மூடப்படும். நேற்று வந்தவருக்கு நேரடித் தரவுத்தளத்தில் எழுதும் உரிமை ஏன் இருந்தது, சோதனைப் பிரதி ஏன் இல்லை, கடைசி பேக்கப்பை யாராவது திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறோமா என்று கேட்டால் அந்தத் தவறு மறுபடி நடக்கவே வழியில்லாமல் போகும்.

மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்து நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பக்கபலம். நன்றாக இயங்கும் குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார். அதிகமாகப் பதிவாகியிருந்தது. காரணம், அங்கே தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. தவறை மறைக்காமல் உடனே சொல்வது நம் துறைக்குச் சட்டத் தேவையாகவே வந்துவிட்டது. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவின்படி, கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். சந்தேகமான மின்னஞ்சலில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்ட ஊழியர், திட்டுக்குப் பயந்து மறுநாள் வரை மறைத்தால் அந்த 6 மணி நேரம் எங்கே இருக்கும்?

எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணைத் திருத்தியது, காசு வாங்கியது, கேள்வித்தாளைக் கசியவிட்டது போன்றவை இந்த ஆய்வுக்குள் வராது. அவை விசாரணைக்குப் போக வேண்டும். பாலியல் துன்புறுத்தல் புகார் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். ஒப்பந்த ஊழியரும் பயிற்சிக்கு வந்த மாணவியும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவார்கள். இது அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்காது.

இந்த வழியின் உண்மையான விலை இயக்குநரின் பொறுமை. பதிவாளர் "யார் மேல் நடவடிக்கை?" என்று கேட்பார். "துறையின் குறை, இதோ திருத்தம்" என்று உங்கள் பெயரில் பதில் எழுத வேண்டியிருக்கும். ஒருமுறை ஒருவர் பெயரை மேலே அனுப்பிவிட்டால், பிறகு எந்தக் கூட்டத்திலும் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

## வழி 3: பயிற்சியும் வளர்ச்சியும்

கேட்டால் எல்லோரும் விரும்பும் வழி இது. கற்றுக்கொள்ளப் பணமும் அதிகம் தேவையில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் போன்றவை தமிழ்க் குரலிலேயே கிடைக்கின்றன. டிப்ளமோ முடித்துவிட்டு வந்த டெக்னீஷியனுக்கு அது பெரிய துணை.

கேள்வி, கற்றபின் என்ன? புரோகிராமர் பதவியிலிருந்து மேலே போகும் படி அரசு ஒப்பளித்த பணியிடங்களில் இருக்கிறது. அதை இயக்குநர் உருவாக்க முடியாது. "படித்து முடியுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் எதுவும் நடக்காவிட்டால், சொல்லாமல் இருந்ததைவிட மோசமாகும். உங்களால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள்: வேலை சுழற்சி, நல்ல அனுபவச் சான்றிதழ், புது வேலைகளில் முன்னுரிமை.

"பயிற்சி கொடுத்தால் போய்விடுவார்கள்" என்ற கவலையும் வரும். போவார்கள்தான். தொகுப்பூதியத்தில் இருப்பவர் நல்ல வேலைக்குப் போவதைத் தடுக்கும் உரிமை நமக்கு இல்லை. அவர் போவதற்குள் எழுதி வைத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறதா என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம், அது மறுபடி வழி 2-க்குள் வருகிறது. இன்னொரு மறைமுகச் செலவு, பயிற்சிக்குப் போனவரின் வேலையை யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் அனுப்புவது. ஐந்து நாள் கழித்து வருபவருக்கு ஐந்து நாள் வேலை குவிந்திருந்தால், அடுத்த முறை அவரே வேண்டாம் என்பார்.

இந்த வழி கட்டாயம் முதலில் வர வேண்டிய இடம், மென்பொருள் அடியோடு மாறும் காலம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் திட்டத்தில் தில்லிப் பல்கலைக்கழகம் உருவாக்கிய சமர்த் போன்ற பொது மென்பொருள் மேடைக்கு ஒரு பல்கலைக்கழகம் போக முடிவெடுத்தால், சொந்தமாக மாணவர் மேலாண்மை மென்பொருள் எழுதிப் பல வருடம் காத்து வந்த புரோகிராமர்களுக்கு அது தங்கள் உழைப்பையே தூக்கிப் போட்டதுபோல் இருக்கும். அவர்களை முடிவெடுக்கும் கூட்டத்திலேயே உட்காரவைக்க வேண்டும். பழைய தரவைச் சுத்தம் செய்து மாற்றும் வேலையை அவர்கள் தலைமையில் கொடுக்க வேண்டும். புது மேடையில் முதல் பயிற்சி அவர்களுக்கே போக வேண்டும். பல வருடத் தேர்வு விதிகளின் விதிவிலக்குகள் எல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கின்றன. எந்த மேடையும் அவர்கள் இல்லாமல் ஓடாது.

## வழி 4: கருத்துக் கணிப்பும் ஆலோசகரும்

சுருக்கமாகச் சொல்கிறேன். பதினைந்து பேர் துறையில் பெயர் போடாத கணிப்பு என்று ஒன்று கிடையாது. பதவி, பாலினம், பணியாண்டு மூன்றையும் கேட்டுவிட்டால் யார் எழுதியது என்று தெரிந்துவிடும், ஊழியர்களுக்கும் அது தெரியும். ஆகவே பாதுகாப்பான பதில்தான் வரும். கணிப்பு எடுத்துவிட்டு எதையும் மாற்றாமல் விட்டால் நம்பிக்கை இன்னும் குறையும். ஆலோசகருக்குப் பணம் கொடுக்க நிதிக்குழு வரை கோப்பு ஏற வேண்டும், அதற்குள் ஒரு செமஸ்டர் போய்விடும்.

ஆனால் பிரச்சினையே துறைத் தலைமையிடம் இருக்கிறது என்றால், அல்லது இரண்டு பிரிவுகள் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருக்கின்றன என்றால், வெளியாள் ஒருவர் தனித்தனியாகக் கேட்பதற்கு மாற்று இல்லை. அவர் ஆலோசனை நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. அதே பல்கலைக்கழகத்தின் உளவியல் அல்லது சமூகப்பணித் துறையில் எல்லோரும் மதிக்கும் மூத்த ஆசிரியர் போதும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | விழா, விருது | வேலைமுறை | பயிற்சி | கணிப்பு, ஆலோசகர் |
|---|---|---|---|---|
| கடைநிலை ஊழியரின் அன்றாடத்தைத் தொடுமா | விழா தொடும், விருது அரிது | தினமும் தொடும் | அனுப்பினால் மட்டும் | நேரடியாக இல்லை |
| இயக்குநர் மாறினால் | நின்றுபோகலாம் | எழுதி வைத்திருந்தால் நிற்கும் | கற்றது கற்றவரோடு போகும் | அறிக்கை அலமாரியில் |
| அனுமதி | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம், ஈடுசெய் விடுப்புக்கு வேண்டும் | பதவி உயர்வுக்கு அரசு வரை | நிதிக்குழு |
| மறைமுகச் செலவு | வசூல், ஒப்பீடு, விடுமுறை நாள் | இயக்குநரின் பொறுமை, எழுதும் நேரம் | குவியும் வேலை, பொய்த்த எதிர்பார்ப்பு | குறையும் நம்பிக்கை |
| பலன் தெரிய | மறுநாள் | ஒன்றிரண்டு செமஸ்டர் | ஒரு வருடத்துக்கு மேல் | தெரியாமலும் போகலாம் |

## உங்கள் நிலைமைக்கு எது?

சம்பளம் ஒழுங்காக வருகிறது, யாரும் யாரையும் துன்புறுத்தவில்லை, ஆனால் பழிபோடலும் சோர்வும் இருக்கிறது என்றால் தயங்காமல் வழி 2. பெரும்பாலான துறைகள் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. அதன் மூன்று பகுதிகளையும் ஒரே மாதத்தில் கொண்டுவர வேண்டாம். முறைப் பட்டியல் முதலில், ஏனென்றால் ஆட்களுக்கு அது உடனடி ஓய்வைத் தருகிறது. ஆய்வு இரண்டாவது. புகார்ப் பதிவு மென்பொருள் கடைசியில் வந்தால், தங்களைக் கண்காணிக்க வந்தது என்ற சந்தேகம் எழாது.

மூன்றே பேர் இருக்கும் இணைவுக் கல்லூரி என்றால் மென்பொருள் எதுவும் தேவையில்லை. ஒரு தடித்த நோட்டும், திங்கள் காலை இருபது நிமிடப் பேச்சும் அதே வேலையைச் செய்யும்.

வேலைமுறை ஏற்கெனவே நன்றாக இருந்து, ஆட்கள் சலித்துப்போயிருந்தால் வழி 3. கடினமான ஒரு வருடம் இப்போதுதான் முடிந்தது என்றால் வழி 1, அதிலும் விடுப்பு முதலில். துறையில் ஒருவர் மற்றவர்களை மிரட்டி வைத்திருக்கிறார் என்றால் நான்கும் உதவாது. அவரோடு நேராகப் பேசி, எழுத்தில் பதிவு செய்து, தேவைப்பட்டால் பதிவாளரிடம் கொண்டுபோவதுதான் வேலை. அதைத் தள்ளிப்போட்டுவிட்டு வேறு எதைச் செய்தாலும், மற்றவர்கள் கவனிப்பது தள்ளிப்போட்டதைத்தான்.

காலமும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சேர்க்கை நெருக்கடி, நவம்பரில் தேர்வு தொடங்கிவிடும். செப்டம்பர்தான் கொஞ்சம் மூச்சு விடும் மாதம். பட்டியலை அப்போது தொடங்கினால் செமஸ்டர் முடிவுகள் வரும்போது ஆட்களுக்குப் பழகியிருக்கும். முதல் ஆய்வுக் கூட்டத்துக்குத் தேர்வு முடிவு மாதிரி பெரிய விஷயத்தை எடுக்காதீர்கள். சிறிதான ஒன்றை, அதிலும் உங்கள் முடிவால் சிக்கலான ஒன்றை எடுங்கள். புரோகிராமர்களைக் கேட்காமல் நீங்கள் ஒப்புக்கொண்டு வந்த ஒரு கடைசித் தேதி இருக்கும். அதை மேசைமேல் வைத்து, எந்தத் தேதியில் யாரிடம் கேட்டிருக்க வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த தாளை எல்லோரும் பார்க்கும் பலகையில் நீங்களே ஒட்டுங்கள்.